நார்மல் ஃப்ளோரா

காலை எட்டு மணிக்கு இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் முகத்தில் அறையும் அந்த நெடியை முப்பத்தோரு வருஷம் சுவாசித்திருக்கிறேன். முந்தைய நாள் மதியம் மலத்தைப் பூசி வைத்த தட்டுகள் 37 டிகிரி சூட்டில் இரவெல்லாம் கிடந்து, விடியும்போது புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். மேக்கான்கி அகர் என்ற அந்தத் தட்டில் ரோஜா நிறத்தில் வளர்வது பெரும்பாலும் ஈ.கோலை. பால் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுவதால் அந்த நிறம். என் கண் தேடுவது வேறு. ரோஜாப் புள்ளிகளுக்கு நடுவே நிறமே இல்லாமல் பனித்துளி மாதிரி ஒன்றிரண்டு தெரிகிறதா என்று தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். தெரிந்தால் சால்மோனெல்லாவாக இருக்கலாம், ஷிகெல்லாவாக இருக்கலாம். மேற்கொண்டு சோதனைகள் செய்யவேண்டும். தெரியாவிட்டால் பதிவேட்டில் இரண்டே சொல்: நார்மல் ஃப்ளோரா. குடலில் எப்போதும் இருக்கிற கிருமிகள்தான், நோய்க்கிருமி எதுவும் இல்லை என்று பொருள்.

1988-ல் ஓர் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். 2019-ல் ஓய்வு பெற்றேன். அந்த இரண்டு சொல்லை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை.

ஒரு தடவை எழுதியது மட்டும் மறக்கவில்லை. ஒரு மார்ச் மாதம். ப்ளஸ் டூ படிக்கும் பெண். பரீட்சை நெருங்க நெருங்க வயிற்றுப்போக்கு. நாளுக்கு ஐந்தாறு முறை. மூன்று வாரத்தில் மூன்று மாதிரி கொண்டுவந்தார் அவள் அம்மா. மூன்றிலும் ரோஜாப் புள்ளிகள் மட்டும்தான். மூன்றாவது ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் நகரவில்லை. “எல்லாம் நார்மல்னு எழுதியிருக்கீங்களே சிஸ்டர், அப்புறம் ஏன் எம் பொண்ணு இப்படித் துவண்டு கெடக்குறா?” என்று கேட்டார். டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். என்னிடம் வேறு பதில் இல்லை.

எங்கள் மைக்ரோபயாலஜி டாக்டரம்மா மருத்துவ சஞ்சிகைகளை நகலெடுத்து வைத்திருப்பார். கேட்டால் கொடுப்பார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படிக்கிற பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. ஓய்வுக்குப் பிறகு அது இன்னும் கூடிவிட்டது. அந்த அம்மாவின் கேள்விக்கான பதிலை இப்படித்தான், துண்டு துண்டாகச் சேர்த்தேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் கணக்கிட்டார்கள். அனேகமாக எல்லாமே பெருங்குடலில்தான். எல்லாம் சேர்ந்து எடை 200 கிராம் வரும். இவற்றில் பெரும்பாலானவை காற்றுப் பட்டாலே செத்துவிடும் வகை. நான் காற்றில் திறந்து பூசிய தட்டில் அவை முளைக்க வழியே கிடையாது. 1885-ல் தியோடர் எஷெரிஷ் குழந்தைகளின் மலத்தில் கண்டுபிடித்து, பிறகு அவர் பெயரையே பெற்ற ஈ.கோலை, குடலில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைக்கத் தெரிந்ததால் அது என் தட்டில் நிறைந்து நின்றது. அந்த ஒரு வகையை மட்டும் பார்த்துவிட்டு முழுக் குடலுக்கும் நார்மல் என்று எழுதியிருக்கிறேன். அந்தத் தட்டில் தெரிந்தது யார் இருக்கிறார் என்பது மட்டும்தான். அவர் என்ன மனநிலையில் இருக்கிறார், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை அது காட்டாது.

பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம். அடிவயிறு கலங்குகிறது என்கிறோம். நம் பாட்டிகள் பயத்தின் இடத்தைச் சரியாகத்தான் காட்டியிருக்கிறார்கள். பயந்தால் சுரக்கும் நோர்அட்ரினலின் என்ற இரசாயனத்தை உடல் முழுக்க நரம்புகள் விடுகின்றன. அதில் ஏறக்குறைய பாதி வயிற்றுப் பகுதி உறுப்புகளில்தான் உருவாகிறது. குடல் சுவர் நெடுக அந்த நரம்புகள் ஓடுகின்றன. 1992-ல் மார்க் லைட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், இரத்தச் சீரம் கலந்த ஊட்டக் கரைசலில் ஈ.கோலை போன்ற கிருமிகளை விட்டு, அதில் நோர்அட்ரினலினைச் சேர்த்தார். கிருமிகள் பல மடங்கு பெருகின. காரணம் பிறகுதான் விளங்கியது: இரும்பு. பாக்டீரியாவுக்கு இரும்பு கட்டாயம் வேண்டும். நம் உடல் அதை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்துக்குள் பூட்டி வைத்திருக்கிறது. நோர்அட்ரினலின் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. கிருமி தன் இரும்புக் கவ்வியை நீட்டி வாரிக்கொள்கிறது.

அதோடு முடியவில்லை. டல்லஸ் நகரில் வனெசா ஸ்பெராண்டியோவின் குழு, கடுமையான இரத்தபேதியைத் தரும் ஈ.கோலை ஓ157 வகை நம் அட்ரினலினையும் நோர்அட்ரினலினையும் நேரடியாக உணர்கிறது என்று 2003-ல் காட்டியது. அதை உணர்கிற ஏற்பியை க்யூஎஸ்இசி என்கிறார்கள். அந்த இரசாயனம் வந்து தொட்டதும் கிருமி நீந்தும் வாலை முடுக்குகிறது, குடல் சுவரில் ஒட்டும் கருவிகளைக் கட்டத் தொடங்குகிறது. நம் உடம்பு தனக்குள் அனுப்பிக்கொள்ளும் அபாயச் செய்தியைக் கிருமி ஒட்டுக்கேட்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மனிதர்களிடம் இதைப் பார்த்தார்களா? 1970-களில் விண்வெளி நிலையமான ஸ்கைலாபுக்காகத் தரையில் ஒரு மாதிரி அறை கட்டி, அதில் மனிதர்களை அடைத்து வைத்துச் சோதித்தார்கள். வர்ஜீனியாவில் லிலியன் ஹோல்ட்மன் இருந்த ஆய்வகம், மூன்று ஆண்களிடமிருந்து எடுத்த 25 மாதிரிகளில் 1,442 காலனிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அடையாளம் கண்டது. காற்றே படாமல் 1,442! அந்த உழைப்பு என்னவென்று என்னைப் போலக் கையால் காலனி எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். கோபமோ பயமோ உண்டான சந்தர்ப்பங்களில் ஒரு வகையின் விகிதம் மாறுவது தெரிகிறது என்று 1976-ல் எழுதினார்கள். மூன்றே பேர், ஆய்வாளர்களும் அடக்கமாகத்தான் சொன்னார்கள். ஆனால் கேள்வி அங்கே பிறந்துவிட்டது.

கதை இன்னொரு பக்கமும் ஓடுகிறது. ஜப்பானில் சூடோவின் குழு 2004-ல், பிறந்ததிலிருந்து ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்த்த எலிகளைக் குறுகிய குழாயில் சற்று நேரம் அடைத்துப் பார்த்தது. சாதாரண எலிகளைவிட அவற்றுக்கு மன அழுத்த ஹார்மோன் எக்கச்சக்கமாக ஏறியது. பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் என்ற ஒரு வகையைக் கொடுத்ததும் அது தணிந்தது. சாதாரணக் குடல் கிருமிகளைக் குடியேற்றியும் பார்த்தார்கள். இளம் வயதில் செய்தால்தான் பலன் இருந்தது. ஆக, பயம் கிருமியை மாற்றுகிறது. பயத்தின் அளவைத் தீர்மானிப்பதில் கிருமிக்கும் பங்கு இருக்கிறது. அந்த ப்ளஸ் டூ பெண்ணின் வயிற்றில் என்ன நடந்தது என்று நான் அறுதியிட்டுச் சொல்லமுடியாது. குடல் நரம்புகளும் தசைகளும் தாமாகவே பயத்தில் வேகமெடுக்கும். ஆனால் என் தட்டில் ஒன்றும் இல்லாததால் அவளுக்கு ஒன்றும் இல்லை என்று ஆகாது. இதை அந்த அம்மாவிடம் அன்றே சொல்லியிருக்கவேண்டும்.

நோய் வரும்போது நடப்பது இதைவிட ஆச்சரியம். இங்கே என் ஆய்வக அலமாரியிலிருந்தே ஒரு பாட்டிலை எடுக்கவேண்டும்.

மலத்தில் சால்மோனெல்லா கொஞ்சமாக இருந்தால், கோடிக்கணக்கான மற்ற கிருமிகளுக்கு நடுவே அது தட்டில் அகப்படாது. அதனால் முதலில் டெட்ராதயோனேட் என்ற கந்தக உப்பு கலந்த திரவத்தில் மாதிரியைப் போட்டு ஒரு நாள் வைப்போம். மற்றவை அடங்கும், சால்மோனெல்லா ஓங்கும். 1923-லிருந்து உலகம் முழுக்க ஆய்வகங்களில் இருக்கிற வழி இது. ஏன் சால்மோனெல்லாவுக்கு மட்டும் அந்த உப்பு பிடிக்கிறது என்று கேட்டால், அது அதை வைத்துச் சுவாசிக்கும் என்பார்கள். ஆக்சிஜனுக்குப் பதிலாக டெட்ராதயோனேட். சரி, குடலுக்குள் அந்த உப்பு ஏது? நானும் கேட்டதில்லை.

2010-ல் கலிஃபோர்னியாவில் அண்ட்ரியாஸ் பாய்ம்லரும் செபாஸ்டியன் விண்டரும் எலிகளில் கண்டுபிடித்தார்கள். குடல் கிருமிகள் எப்போதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு விடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். குடல் சுவர் அந்த நஞ்சை தயோசல்ஃபேட்டாக மாற்றி முறித்துவிடுகிறது. டைஃபாய்டின் உறவுக்காரனான, பேதியைத் தரும் சால்மோனெல்லா டைஃபிமியூரியம் உள்ளே வந்ததும் குடல் வீங்கிச் சிவக்கிறது. வெள்ளையணுக்கள் ஓடிவந்து கிருமியைக் கொல்ல ஆக்சிஜனின் வீரியமான வடிவங்களைக் கொட்டுகின்றன. அவை பட்டு தயோசல்ஃபேட் டெட்ராதயோனேட்டாக மாறுகிறது. அதைச் சுவாசிக்கத் தெரிந்தது சால்மோனெல்லா. நாம் அதை எரிக்க மூட்டிய தீயில் அது குளிர் காய்கிறது. சுற்றியிருக்கும் மற்ற கிருமிகள் மூச்சுத் திணறுகின்றன. 87 வருஷம் ஆய்வகங்கள் பாட்டிலில் செய்துகொண்டிருந்ததை, வீங்கிய குடல் தானே செய்துகொண்டிருந்திருக்கிறது. அந்தத் திரவத்தை எத்தனையோ வருஷம் என் கையால் கலந்திருக்கிறேன். அதைப் படித்தபோது என் கை எனக்கே வேறாகத் தெரிந்தது.

நம் சாதுவான ஈ.கோலையும் இதே வழியில் போகிறது. வீக்கத்தில் உண்டாகும் நைட்ரேட்டை அது சுவாசிக்கும் என்று 2013-ல் அதே ஆட்கள் காட்டினார்கள். ஆக்சிஜன் விஷயத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நலமான பெருங்குடலில் ஆக்சிஜன் கிட்டத்தட்டக் கிடையாது. நார்ச்சத்தைப் புளிக்க வைக்கும் நல்ல வகைகள் பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலத்தைத் தருகின்றன. குடல் சுவர்ச் செல்கள் அதை எரித்து வாழ்கின்றன. எரிப்பதற்கு ஆக்சிஜனைச் செலவழித்துவிடுவதால் குடலுக்குள் கசிவதற்கு மிச்சம் இருக்காது. அந்த நல்ல வகைகள் குறைந்தால் பியூட்டிரேட் குறையும், ஆக்சிஜன் கசியும், ஈ.கோலை பெருகும். குடல் நாள்பட்டு வீங்கும் கிரோன் நோய் உள்ளவர்களிடம் ஃபீகாலிபாக்டீரியம் பிராஸ்னிட்சியை என்ற பியூட்டிரேட் தயாரிப்பாளர் குறைந்திருப்பதை 2008-ல் கண்டார்கள். நான் ஓய்வு பெறும்வரை எந்த நோயாளியும் தன் பெயரில் அதைப் பரிசோதிக்கச் சொல்லி எங்கள் ஜன்னலுக்கு வந்ததில்லை.

உடம்பு மட்டும் சும்மா இருக்குமா? காய்ச்சல் வந்தால் நமக்குச் சோறு இறங்காது. நாம் பட்டினி என்றால் உள்ளே இருப்பவர்களும் பட்டினி. 2014-ல் சிகாகோவில் எலிகளில் கண்டது இது: உடல் கடுமையாக நோயுற்றதும் சிறுகுடல் சுவர் தன் மேற்பரப்பில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையை மளமளவென்று பூசிவிடுகிறது. நல்ல கிருமிகள் அதைக் கறந்து தின்று தாக்குப்பிடிக்கின்றன. தனக்குக் கஞ்சி இல்லாவிட்டாலும் தொழுவத்து மாட்டுக்குத் தீனி வைக்கிற வீடு மாதிரி. இதைச் செய்யமுடியாத மரபணு அமைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு உண்டு. அவர்களுக்கு கிரோன் நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்.

அடுத்து மருந்து. கிருமிக்கு நாம் தரும் மிகப் பெரிய நெருக்கடி அதுதான். அது தகவமைத்துக்கொள்வதை நான் எஃகு ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்திருக்கிறேன். கிருமியைத் தட்டு முழுக்கப் பரப்பி, ஆன்டிபயாடிக் தோய்த்த சிறு காகித வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழும். நான் சேர்ந்த புதிதில் டைஃபாய்டு கிருமியின் தட்டில் குளோரம்ஃபெனிகால் வில்லையைச் சுற்றி நல்ல பெரிய வட்டம். 90-களின் தொடக்கத்தில் ஒரு காலை, வில்லையின் ஓரம் வரை கிருமி புல்லாக முளைத்திருந்தது. வில்லை காலாவதி என்று நினைத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் புல். அந்த எதிர்ப்பாற்றல் பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையத்தில் வந்தது. ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கைமாற்றிக் கொடுக்கக்கூடிய சொத்து. பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது. முப்பது மில்லிமீட்டரைத் தாண்டிய வட்டங்கள். அவையும் வருஷத்துக்கு வருஷம் சுருங்கின. சிப்ரோ தாக்கும் இடத்திலேயே கிருமி தன் மரபணுவில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டது. குளோரம்ஃபெனிகாலை டாக்டர்கள் கைவிட்ட பிறகு, அதன் வட்டம் மெல்லத் திரும்பி வந்ததையும் பார்த்தேன். ஆளில்லாத வீட்டுக்கு எதற்குக் காவல் என்று கிருமி அந்த ஆயுதத்தைப் போட்டுவிட்டது.

மருந்து குறிவைப்பது ஒரு கிருமியை. அடி விழுவது ஊர் முழுக்க. அமெரிக்காவில் டேவிட் ரெல்மனின் குழு மூன்று பேரிடம் பத்து மாதம் பார்த்தது. அந்தக் காலத்தில் இரண்டு முறை சிப்ரோ கொடுத்தார்கள். மூன்று நான்கு நாளிலேயே குடல் கூட்டம் தலைகீழானது. நிறுத்திய ஒரு வாரத்தில் திரும்பத் தொடங்கியது. ஆனால் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பவில்லை.

2022-ல் இது என் வீட்டுக்கே வந்தது. என் வீட்டுக்காரருக்கு இருபது வருஷச் சர்க்கரை. காலில் புண் சீழ் பிடித்து, ஒரு தனியார் மருத்துவமனையில் பதினைந்து நாள் ஆன்டிபயாடிக் ஊசி. கால் பிழைத்தது. வீட்டுக்கு வந்த நான்காம் நாள் பேதி. பத்து, பன்னிரண்டு தடவை. வாழ்நாள் முழுக்க வாசனையை வைத்தே மாதிரியை ஊகித்தவள் நான். அந்த வாசனை எனக்குப் புதிது. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்று சோதனையில் வந்தது. அதன் வித்துகள் எங்கும் கிடக்கும், கையில் தேய்க்கும் ஆல்கஹால் சானிடைசருக்கு மசியாது. நம் பித்தநீரில் உள்ள ஓர் அமிலம் அந்த வித்தை முளைக்க வைக்கும். நல்ல கிருமிகள் சில, கிளாஸ்ட்ரிடியம் சின்டென்ஸ் போன்றவை, பித்த அமிலத்தை வேறு வடிவத்துக்கு மாற்றி அந்தக் கிருமியை வளரவிடாமல் அடக்கும். ஊசி மருந்து அவற்றைத் துடைத்துவிட்டால் வித்துக்குக் கொண்டாட்டம்.

ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்து நோயாளியின் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சையை அப்போதுதான் அவருக்கு விளக்கினேன். 2013-ல் ஆம்ஸ்டர்டாமில், நோய் திரும்பத் திரும்ப வந்த 16 பேருக்குக் கொடுத்ததில் 13 பேர் முதல் தடவையிலேயே குணமானார்கள். வான்கோமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் நான்கு பேர்தான். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். “அது வேண்டாம்மா, மாத்திரையே போதும்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். நல்லவேளையாக அவருக்கு வான்கோமைசினே கேட்டது.

பேதி நின்ற பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு டாக்காவில் ஒரு பதில் இருந்தது. அங்குள்ள பன்னாட்டு வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையமும் செயின்ட் லூயிஸின் ஜெஃப்ரி கார்டன் குழுவும் காலராவிலிருந்து மீளும் பெரியவர்களைப் பின்தொடர்ந்தன. அலசிப் போட்ட குடலில் கிருமிகள் திரும்பக் குடியேறும் வரிசை, பிறந்த குழந்தையின் குடலில் மாதக்கணக்கில் குடியேறும் வரிசையை ஒத்திருந்தது. அதில் ருமினோகாக்கஸ் ஒபியம் என்ற ஒன்று, காலரா கிருமிக்கு அது புரிந்துகொள்ளும் இரசாயனச் சங்கேதத்திலேயே செய்தி அனுப்பி அதன் முரட்டுத்தனத்தை அடக்குவதையும் கண்டார்கள். 2014-ல் வந்த கட்டுரை.

அதே குழுவினர் அதே ஆண்டு சொன்ன இன்னொரு செய்திதான் எனக்கு எல்லாவற்றிலும் கனமானது. கடுமையாக மெலிந்த வங்கதேசக் குழந்தைகளின் குடல் கிருமிகள் அவர்கள் வயதுக்கு ஏற்ற முதிர்ச்சி அடைந்திருக்கவில்லை. ஊட்ட உணவு கொடுத்தால் எடை கொஞ்சம் ஏறும். கிருமிகள் பிஞ்சாகவே நின்றுவிடும். அதனால் கிருமிகளை முதிர வைப்பதற்கென்றே ஓர் உணவைத் தேடினார்கள். கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை, வாழைக்காய். டாக்காவின் மீர்ப்பூர் குடிசைப் பகுதியில் 12 முதல் 18 மாதக் குழந்தைகள் 123 பேரில் பாதிப் பேருக்கு மூன்று மாதம் இதைக் கொடுத்தார்கள்; மற்றவர்களுக்கு வழக்கமான ஊட்ட உணவு. கடலை மாவு உணவில் கலோரி குறைவு. இருந்தும் அந்தக் குழந்தைகளின் எடைதான் கூடுதலாகத் தேறியது. 2021-ல் இதைப் படித்தேன். எங்கள் மருத்துவமனை வார்டுகளில் தோலும் எலும்புமாகக் கிடந்த எத்தனை பிள்ளைகளின் ரிப்போர்ட்டில் நார்மல் ஃப்ளோரா என்று எழுதியிருக்கிறேன்! அந்தக் கிருமிகள் எந்த வயதில் நின்றுபோயிருந்தன என்று பார்க்க அன்று வழியில்லை. அந்த வருத்தம் எனக்குப் போகவில்லை. இன்று கடையில் விற்கும் விலை உயர்ந்த கிருமி மாத்திரைகளையும், வீட்டுக்கே வந்து மாதிரி எடுத்துப் பக்கம் பக்கமாக ரிப்போர்ட் தரும் சோதனைகளையும் பார்க்கிறேன். அந்தப் பணமும் அறிவும் போகவேண்டிய இடம் மீர்ப்பூர் மாதிரியான தெருக்கள்.

என் வீட்டுக்காரருக்குக் குழந்தைக்குக் கொடுப்பதுபோலத்தான் தொடங்கினேன். முதல் வாரம் வடித்த கஞ்சியும் உப்பும். இரண்டாம் வாரம் குழைந்த சாதத்தில் பாசிப்பருப்பு. பிறகு வேகவைத்த வாழைக்காய். ஒவ்வொரு புதுச் சாப்பாட்டுக்கும் அவர் முகத்தில் பயம் தெரியும். கழிவறைக் கதவுக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு நகரமாட்டார். பயம் உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கும் என்று தெரிந்ததால் நான் ஒன்றும் பேசாமல் ரேடியோவைப் போட்டுவிடுவேன். ஐந்தாவது வாரம் அவரே கத்தரிக்காய்க் குழம்பு கேட்டார். சாப்பிட்டுவிட்டு மத்தியானம் தூங்கினார், வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக உள் அறைக் கட்டிலில். மறுநாள் காலை கழிவறையிலிருந்து வெளியே வந்து, ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி, “நார்மல்” என்றார்.